எண்ணப்படாதோர்

புள்ளிவிபரவியல் விழுமியங்களுக்கு அப்பாற்பட்டது என்பர் சிலர். துலாக்கோலைப் போன்று எண்ணும் எப்பக்கமும் சாராதது என்பது அவர்தம் வாதம். துலாக்கோல் நடுவுநிலையானதே, ஆயின், தட்டில் இடப்படுவதைத் தெரிவது மனிதனின் கையன்றோ? எனவே, எண்ணுதலும் ஓர் ஒழுக்கச் செயலா என்ற வினா எழுகின்றது.

ஆய்வுக்குரியோர் அனைவரையும் குடித்தொகை என்றும், அவர்களுள் தெரிந்தெடுக்கப்பட்டோரை மாதிரி என்றும் வழங்குகிறோம். மாதிரி பெரிதாயின் முடிவும் மெய்யாகும் எனக் கருதுதல் இயல்பு. 1936 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இக்கருத்தைப் பொய்ப்பித்தது. 'லிற்றரறி டைஜெஸ்ற்' என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வினாச்சீட்டுகளை அனுப்பி, 23 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. வென்றவரோ றூஸ்வெல்ற், 48 மாநிலங்களுள் 46 அவர் வசமாயின. தொலைபேசியும் மோட்டார் வாகனமும் உடையோரின் பட்டியல்களே சஞ்சிகைக்குப் பெரிதும் ஆதாரமாயிருந்தன. வறியோர் பலர் அவற்றில் இடம்பெறவில்லை. சீட்டுப் பெற்றோருள்ளும் முக்காற்பங்கினர் மறுமொழி தரவில்லை. பேசியோரின் குரலே பேசாதோரின் குரலாகவும் கொள்ளப்பட்டது.

அத்தவறைத் தேர்தல் நாள் வெளிப்படுத்திற்று. எல்லாக் கணக்குகளுக்கும் அத்தகைய நாள் வாய்ப்பதில்லை. எமது நாட்டில் 1981 இன் பின்னர், 1991 இல் நடைபெறவேண்டிய குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இலும் போர்ச் சூழலால் 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே அது முழுமையாக நிறைவேறியது. நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012 இலேயே. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் பிறந்தோர், இறந்தோர், இடம்பெயர்ந்தோர் பலர் அட்டவணைகளில் வெற்றுக் கட்டங்களாகவோ அண்ணளவான தொகைகளாகவோ நின்றனர்.

வெற்றுக் கட்டமும் பூச்சியமும் ஒன்றல்ல. பூச்சியம் 'இல்லை' என்கிறது. வெற்றுக் கட்டம் 'அறியோம்' என்கிறது. அறியாமையை இன்மையெனக் கொள்ளின், அங்கே பாடசாலையோ வைத்தியசாலையோ வேண்டியதில்லை என்ற முடிவுக்கும் வழி பிறக்கும். ஊகத்தால் கட்டத்தை நிரப்பி, அதனை எண்ணிக்கை என அழைப்பதும் பொய்யே.

எல்லோரையும் எண்ணுதல் எப்போதும் இயலாது. சிலரை எண்ணிப் பலரை அறிய உதவுவதே எழுமாற்று மாதிரியின் பெருமை. ஆயினும், குடித்தொகையின் ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இந்நிபந்தனை கணிதத்துக்கு மட்டுமன்றி நீதிக்கும் உரியது. நாளை வினாக்கொத்துடன் வீடு வீடாகச் செல்லவிருக்கும் மாணவர், எத்தனை பேர் விடையளித்தனர் என்பதோடு, எவர் விடையளிக்கவில்லை என்பதையும் குறித்துவைத்தல் கடன். பூட்டிய கதவும் ஒரு தரவே.