தங்க முலாமும் திரிபுக் காட்சியும்

2016இல் வந்த சோனியின் டபிள்யூஎம்1இசட் வாக்மேனுக்குத் தங்க முலாம் பூசிய செம்பு உடல். 455 கிராம், சட்டைப் பையே தொங்கிவிடும். அதன் அலுமினியத் தம்பி 267 கிராம்தான். செம்பின் ஒலி கதகதப்பானது என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அந்தக் கதகதப்பு இருப்பது கருவியிலா, மனத்திலா? சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவையியல், ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியை, அதாவது நேரடிப் புலனறிவையே, சான்றாக ஏற்கும். விலை தெரிந்து கேட்கும்போது திரிபு நுழையாதா? ஒலி ஆய்வாளர்கள் மேயரும் மோரனும் 2007இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276; காசு சுண்டினாலும் அவ்வளவு வரும்.

அது பதிவுத் தரத்தின் சோதனை, கருவிகளுடையது அல்ல என்பார்கள். சரிதான், சில இயர்போன்களில் கருவி மாறினால் ஒலியும் நிஜமாகவே மாறும். பழகிய காதுக்கே நுட்பம் பிடிபடும் என்பதையும் ஒப்பலாம். ஆனால் பெயரை மறைத்ததும் அந்தப் பழக்கம் ஏன் கலைய வேண்டும்? பைக்குள் விரலுக்குத் தட்டுப்படும் வாக்மேனின் பக்கவாட்டுப் பொத்தானைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போடுவதில்லை.