பிறர் மணத்துக்கு நாம் நீதிபதிகளா?

தொலைக்காட்சியில் ஒரு குடும்பச் சண்டையைப் பார்த்ததும் "தப்பு அவள் மேல்தான்" என்று சொல்லிவிடுகிறோம். முன்பின் அறியாத ஒருவரின் இல்லறத்தை எடைபோட அறம் நமக்கு உரிமை தருகிறதா? தரவில்லை என்பதே என் முடிவு. 2018-இல் கலர்ஸ் தமிழின் 'எங்க வீட்டு மாப்பிள்ளை'யில் பெண் தேடிய நடிகர் ஆர்யா கடைசியில் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தப் பெண் பொருத்தம் என்று வாரக்கணக்கில் வாதிட்டவர்களுக்கு அது ஏமாற்றம். வந்திருந்த பெண்களுக்கோ அது வாழ்க்கை. ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை'யிலும் கணவன் மனைவி வழக்கு வெட்டித் தொகுக்கப்பட்டே நம்மிடம் வந்தது. வெட்டியதில் என்ன இருந்தது என்று தெரியாமலே தீர்ப்பளித்தோம்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க தருமபுரி நம்மை விடாது. அங்கே இருவர் சாதி கடந்து மணந்ததை ஊர் தன் வழக்காக எடுத்துக்கொண்டது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம் உள்ளிட்ட 3 தலித் குடியிருப்புகள் எரிந்தன. அதற்குத் தொலைக்காட்சி காரணமல்ல. ஆனால் பிறர் மணம் நம் தீர்ப்புக்கு உரியது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது. அடிபடும் பெண்ணுக்காக, குழந்தைத் திருமணத்துக்கு எதிராக யாரும் பேசக் கூடாதா என்று கேட்கலாம், வலுவான கேள்விதான். தீங்கைத் தடுப்பது கடமை, விருப்பத்தை விசாரிப்பது அத்துமீறல். வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின், சாதியின் சம்மதம் தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதிக்கே இல்லாத அந்த அதிகாரம் பார்வையாளருக்கு எங்கிருந்து வரும்?