ராஜா சாவும் வேலைக்காரன் சாவும்

ராஜா செத்தால் ஆயிரம் கேள்வி. அவன் அறை வாசலில் காவல் கிடந்தவன் செத்தால்?

1946 ஜூன் 9, காலை. பாங்காக் அரண்மனைப் படுக்கையறையில் சயாம் மன்னர் ஆனந்த மகிதோல், இருபது வயசுப் பிள்ளை, நெற்றியில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்த விபத்து என்று முதலில் அறிவித்தார்கள். தானே சுட்டுக்கொண்டார் என்றார்கள் சிலர். கொலைதான் என்ற பக்கம் சாய்ந்தார்கள் உடலை ஆராய்ந்த மருத்துவர்களில் பெரும்பாலோர். அரசியல் எதிரிகள் பிரிதி பனோம்யோங் தலையில் பழியைப் போட்டார்கள். இன்றுவரை வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் மூணு பேர் கதை முடிந்துபோனது. அறைப் பணியாளர்கள் சிட், புட். மன்னரின் முன்னாள் செயலாளர் சலியோ. கீழ்க்கோர்ட் சிட் ஒருவரைத்தான் குற்றவாளி என்றது. அப்பீல் போகப் போக ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. 1955 பிப்ரவரி 17இல் மூவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கே என்று சட்டம் படித்தவர்கள் சொல்கிறார்கள். என் கேள்வி இதுதான்: நடந்தது என்னவென்றே தீராத சாவுக்குத் தண்டனை மட்டும் எப்படித் தீர்ந்தது? பெரிய இடத்துச் சாவில் சந்தேகம் என்பது மரியாதை. சின்ன மனுசன் மேல் விழுந்தால் அதுவே தீர்ப்பு.

ராஜாவைக் கொன்றது யார் என்று இன்னும் துருவுகிறார்கள். சிட்டையும் புட்டையும் கொன்றது அரசு. அதில் மர்மமில்லை, அதனால் கேட்பாருமில்லை.