பூட்டு எதற்கு? சாவி யாரிடம்?

அலுவலகத்தின் மூலையிலே ஓர் அச்சுப்பொறி. பத்துப் பேருக்கும் பொது. ஆனால், பத்துப் பேரும் அதைப் பயன்படுத்திவிட முடியாது! பெயர் கேட்கிறது, கடவுச்சொல் கேட்கிறது, பட்டியலில் இல்லாதவர் அனுப்பிய கடிதத்தை வரிசையிலேயே நிறுத்தி நீக்கிவிடுகிறது. நம் கீழ்பென்னாத்தூர்க் கடைவீதியிலோ, காசு கொடுத்தவர் எவராயினும் அச்சிட்டுத் தருகிறார்கள். நீ யார், உன் பதவி யாது என்ற கேள்வி அங்கே இல்லை. பொதுப்பணத்தில் வாங்கிய பொறிக்கு மட்டும் ஏன் இந்தக் காவல்?

காவலே கூடாது என்று நாம் கூறவில்லை. கற்பிக்கும் தொழிலில் இருக்கும் நமக்குத் தெரியும், நாளைய தேர்வின் வினாத்தாள் இன்று மாலை தட்டிலே கேட்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்று! அனுப்பியவரே பொறியின் அருகே வந்து தம் எண்ணை அழுத்திய பிறகுதான் தாள் வெளிவரும் என்றொரு முறை இருக்கிறதே, அது நன்முறை. மாதத்துக்கு இத்தனை தாள் என்ற அளவும் தவறன்று. தாளும் மையும் மக்கள் தந்த வரி.

ஆனால், எழுத்தருக்கு எண்ணிக் கொடுத்து, மேலாளருக்கு எண்ணாமல் கொடுத்தால்? அது சிக்கனமா? தாளைக் காக்க வந்த பூட்டு, ஆளைத் தரம் பிரிக்கத் தொடங்கிவிட்டது என்றே பொருள். இந்த எல்லைவரை வா, அதற்கப்பால் வராதே என்ற பழைய குரல், இப்போது கணினி வழியாகப் பேசுகிறது. குரல் மாறவில்லை, தொண்டைதான் மாறியிருக்கிறது.

பொறி எண்ணுவதோடு நிற்பதுமில்லை. எவர், எதை, எப்போது அச்சிட்டார் என்று எழுதியும் வைக்கிறது. 2017-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் இரகசிய ஆவணம் ஒன்று செய்தி நிறுவனத்துக்குச் சென்றது. பதிவைப் புரட்டினார்கள், அச்சிட்டவர் 6 பேர். அவர்களுள் ஒருவரான ரியாலிட்டி வின்னர், 2018-இல் 63 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் செய்தது சரியா என்பது வேறு வழக்கு. நம் கேள்வி இது: ஊழியரைப் பார்க்கும் அந்தப் பதிவேட்டை, ஊழியர் பார்க்க முடியுமா? சாவி வைத்திருப்பவரின் பெயரும் அதில் ஏறுகிறதா? ஏறாவிட்டால், அதற்குப் பதிவேடு என்ற பெயர் எதற்கு? ஒற்றன் என்று அழைப்போமே!

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அரசு ஆவணத்தின் நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய் என விதி வகுத்தார்கள். இளைஞர்களே, ஓர் அரசு அலுவலகத்தின் அச்சுப்பொறி ஓராண்டில் எவருக்கு எத்தனை பக்கம் தந்தது என்ற கணக்கையும் அந்த 2 ரூபாய்க்குக் கேட்டுப் பாருங்கள்.