நஷ்டக் கணக்கில் ஒரு காதல்

டெல்லாவிடம் இருந்ததெல்லாம் 1 டாலர் 87 சென்ட். விடிந்தால் கிறிஸ்துமஸ். கணவன் ஜிம்முக்கு வாரச் சம்பளம் 30 டாலரிலிருந்து 20 ஆகக் குறைந்துவிட்டது. அதில் 8 டாலரை வீட்டு வாடகை தின்றுவிடும். முழங்காலைத் தாண்டித் தொங்கிய கூந்தலை வெட்டி 20 டாலருக்கு விற்றுவிட்டு, ஜிம்மின் பரம்பரைப் பாக்கெட் கடிகாரத்துக்கு 21 டாலரில் பிளாட்டினச் சங்கிலி வாங்கிவந்தாள் டெல்லா. ஜிம்மோ அந்தக் கடிகாரத்தையே விற்று, பிராட்வே கடைக் கண்ணாடிக்குள் அவள் நெடுநாள் ஏங்கிப் பார்த்த ஆமையோட்டுச் சீப்புகளோடு வந்து நின்றான். ஓ. ஹென்றியின் இந்தச் சிறுகதை 1905 டிசம்பர் 10 அன்று ‘நியூயார்க் சண்டே வேர்ல்ட்’ இதழில் வெளிவந்தது. இன்றுவரை கிறிஸ்துமஸ் காதல் கதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் வேறொரு கணக்குப் போட்டார். கிறிஸ்துமஸ் பரிசுக்குக் கொடுத்த விலை என்ன, அதைப் பெற்றவர் போடும் மதிப்பு என்ன என்று மாணவர்களிடம் கேட்டார். பரிசின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று விடை வந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் டெல்லா, ஜிம் வீட்டில் அன்று முழு நஷ்டம். ஆனால் கதாசிரியர் அவர்களைப் பெத்லகேமுக்கு வந்த ஞானிகளின் வரிசையில் நிறுத்துகிறார். அதற்குச் சமயத்தில் ஆதாரம் உண்டா, அல்லது பண்டிகைக் கால உணர்ச்சிப் பெருக்குதானா?

மத்தேயு நற்செய்தி ஞானிகள் எத்தனை பேர் என்று சொல்வதில்லை; பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று பரிசுகளைத்தான் சொல்கிறது. பச்சைக் குழந்தைக்குச் சாம்பிராணி எதற்கு? கிறிஸ்தவ மரபு இதற்குப் பயன் தேடவில்லை. பொன் அரசருக்கு, சாம்பிராணி கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகும் மனிதருக்கு என்று வாசித்தது. பெறுகிறவர் யார் என்பதைப் பரிசு சொல்லிவிடுகிறது. ஜிம் வாங்கிய சீப்பும் அப்படித்தான். கூந்தல் இல்லாவிட்டாலும், அவன் கண்ணில் டெல்லா யார் என்பதை அது சொல்லிவிட்டது.

இதைவிட நேரடியான வழக்கு மாற்கு நற்செய்தியின் 14-ம் அதிகாரத்தில் இருக்கிறது. பெத்தானியாவில், சீமோன் வீட்டுப் பந்தியில், ஒரு பெண் நறுமணத் தைலக் குப்பியை உடைத்து இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். அதன் விலை 300 தெனாரியத்துக்கு மேல். ஒரு கூலியாளின் நாள் சம்பளம் 1 தெனாரியம் என்றால், ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு ஒரே நொடியில் வழிந்து போனது. ஏன் இந்த வீண்செலவு, விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அற்பமான கேள்வி அல்ல இது. ஆலயக் கோபுரத்துக்கு வசூல் நடக்கும் ஊர்களில் இன்றும் யாராவது கேட்பதுதான். ஏழைகளுக்கு எப்போது வேண்டுமானாலும் உதவலாமே என்று சொல்லிவிட்டு, இயேசு அந்தப் பெண்ணின் பக்கம் நிற்கிறார். தைலத்தைத் தன் அடக்கத்துக்கான முன்னேற்பாடாக ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் ஓர் இடத்தில் ஓ. ஹென்றி நற்செய்தியைவிடச் சுலபமான வழியில் போகிறார். அவர் கதையில் இருவருமே இழக்கிறார்கள், அதுவும் சரிக்குச் சரி. டெல்லா மட்டும் கூந்தலை விற்று, ஜிம் வெறுங்கையோடு வந்திருந்தால்? மனைவியின் தியாகத்தைப் பாடும் ஆயிரம் கதைகளில் அதுவும் ஒன்றாகியிருக்கும். வாசகருக்கு இனித்திருக்காது, உறுத்தியிருக்கும். பெத்தானியாப் பெண்ணுக்கோ யாரும் பதில் பரிசு கொடுக்கவில்லை.

ஓ. ஹென்றிக்கு இது கற்பனைக் கேள்வி மட்டுமல்ல. அவருடைய இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். டெக்சாஸின் ஆஸ்டினில் வங்கிப் பணத்தைக் கையாடியதாக வழக்கு வந்ததும், 1896-ல் ஹோண்டுராஸுக்குத் தப்பி ஓடினார். மனைவி ஆதோல் காசநோயாளி. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் கையால் லேஸ் பின்னி, அதை 25 டாலருக்கு விற்று, கணவரின் ஓவர்கோட்டோடு வாசனைத் திரவியமும் வேறு பொருள்களும் வைத்துப் பெட்டி அனுப்பினார். 105 டிகிரி காய்ச்சலோடு அவர் அதைக் கட்டினார் என்பது போர்ட்டருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மனைவியின் நிலை தெரிந்ததும், கைது காத்திருக்கிறது என்று அறிந்தே, 1897 தொடக்கத்தில் போர்ட்டர் ஊர் திரும்பினார். ஜூலையில் ஆதோல் இறந்தார். மறு ஆண்டு கணவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஹோண்டுராஸிலேயே இருந்திருந்தால் அவர் சிறையைத் தவிர்த்திருக்கலாம். அவர் வந்ததால் காசநோயும் குணமாகிவிடவில்லை. பெத்தானியாவில் முணுமுணுத்தவர்களைக் கேட்டால் இதையும் வீண்செலவு என்றுதான் எழுதியிருப்பார்கள்.