யார் செய்த பூ?

காகிதப்பூ மணக்காது என்று சொல்லிச் சொல்லியே அதை வசைச்சொல்லாக்கி விட்டோம். அலங்கரித்துக்கொள்ளும் பெண்ணையும் அந்தச் சொல்லால் குத்துவார்கள். மணம் கிடக்கட்டும். அந்தப் பூவை யார் செய்தது என்பதே என் கேள்வி.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர்களில் அங்கன்வாடியை இன்றும் பால்வாடி என்றுதான் சொல்கிறோம். அப்படியொரு பால்வாடியின் சுவரில் இருபது கிரேப் காகித ரோஜாக்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழந்தையின் பெயர். எல்லாம் ஒரே அளவு, ஒரே சுருள். மூன்று வயதுக் கையால் அப்படி வெட்ட முடியாது. கத்தரிக்கோலுக்குள் விரலை நுழைத்து, அதோடு வாயையும் திறந்து மூடி, ஒரு வெட்டு வெட்டுவதே அந்த வயதில் பெரிய காரியம். இதழ்களை வெட்டியவர் டீச்சர். இரவில், வீட்டில், பாத்திரம் கழுவி முடித்த பிறகு. காகிதமும் கம்பியும் பசையும் அவர் கைக்காசு. “ஆய்வுக்கு வர்றவங்க முதல்ல சுவரைத்தான் மேடம் பாக்குறாங்க” என்றார்.

ஜெர்மனியில் 1837இல் ஃப்ரோபெல் தொடங்கிய பள்ளிதான் பிறகு ‘கிண்டர்கார்டன்’, குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் பெற்றது. காகிதம் மடிப்பதும் வெட்டுவதும் அவர் வகுத்த கைவேலைகளில் உண்டு. குழந்தை தன் கையால் செய்து அறியட்டும் என்பது நோக்கம். அதைச் சொல்லித்தரத் தாய்மை உள்ளம் கொண்ட பெண்களே இயல்பாகப் பொருத்தமானவர்கள் என்றும் அவர் நம்பினார். இந்த ‘இயல்பு’ நமக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தது! இயல்பாக வருவதற்கு எதற்குச் சம்பளம்?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் பணியாளருக்கு மத்திய அரசு வைத்த சொல் மதிப்பூதியம்; 2018 அக்டோபர் முதல் மாதம் 4,500 ரூபாய். தமிழ்நாட்டில் இது சிறப்புக் காலமுறை ஊதியம். ‘சிறப்பு’ என்ற அடைமொழி ஒன்றைக் குறைத்துக் காட்டவும் பயன்படும் என்பதை இலக்கண வகுப்பில் நான் இதை வைத்தே விளக்குகிறேன். இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது.

டீச்சரின் ரோஜா அழகு, மறுக்கவில்லை. அதை அவர் பெயரில் மாட்டட்டும். குழந்தையின் பெயரை அதன் கீழ் எழுதும்போது இரண்டு பேர் மறைகிறார்கள். இரவில் விழித்திருந்தவள் ஒருத்தி. தன் பூ போதாது என்று சொல்லப்படாமலே தெரிந்துகொள்ளும் குழந்தை இன்னொன்று. குழந்தையின் உரிமை, ஆசிரியையின் உரிமை என்று நாம் தனித்தனிக் கூட்டங்களில் பேசுகிறோம். கோணல் பூவைச் சுவர் ஏற்றுக்கொண்டால் அந்த இரவு டீச்சருக்கே திரும்பக் கிடைக்கும். இங்கே இரண்டும் ஒரே வழக்கு.

அன்று ஒரு சிறுமி நான்கு இதழ்களையும் ஒரே பக்கமாக ஒட்டியிருந்தாள். ஏன் என்றேன். “காத்தடிக்குது” என்றாள்.

இதையே மாட்டலாமே என்றதற்கு டீச்சர் சிரித்தார். “மாட்டிடலாம் மேடம். வர்றவங்ககிட்ட காத்தடிக்குதுன்னு நீங்க வந்து சொல்வீங்களா?”