முதுமைக்கு ஒரு முற்றம்

பெற்றோரைப் பராமரித்தல் வேறு. அவர்களை மதித்தல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே என நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தின் பிழையை எனக்கு உணர்த்தியவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி.

முன்பு நான் பணியாற்றிய பங்கில், கணவரை இழந்த அவர் தனியே வாழ்ந்து வந்தார். ஓட்டு வீடு, முன்னே ஒரு முற்றம், அதில் ஒரு முருங்கை மரம், நான்கைந்து கோழிகள். விடியுமுன் எழுந்து முற்றம் பெருக்குவார், கோழிகளைத் திறந்துவிடுவார், கீரை பறித்து அண்டை வீடுகளுக்குக் கொடுப்பார். எழுபத்தைந்து வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். சென்னையிலிருந்து ஓடிவந்த மகன் என்னிடம் ஆலோசனை கேட்டார். "உங்களோடு அழைத்துச் செல்லுங்கள், அதுவே பிள்ளையின் கடமை" என்றவன் நானே.

ஓராண்டு கழித்து அவர்களது அடுக்குமாடி இல்லத்திற்குச் சென்றேன். தூய்மையான அறை, வேளை தவறாத உணவு, மருந்து, தொலைக்காட்சி, மருமகளும் அன்பானவர். ஆயினும், ஊரில் கோழியைத் துரத்திப் பிடித்த கால்கள் நாற்காலியை விட்டு எழவே தயங்கின. "கொறை ஒண்ணும் இல்ல சாமி, வேலையுந்தான் ஒண்ணும் இல்ல" என்றார். அச்சொல் என்னைச் சுட்டது.

வீடு என்பது யாது? சுவரும் கூரையும் மட்டுமா? காலையில் கண் விழிக்கும்போது நமக்காக ஏதோ ஒன்று காத்திருக்கும் இடமே வீடு எனலாம். அந்தத் தாய்க்காகக் கோழி காத்திருந்தது, முற்றம் காத்திருந்தது. எதுவும் காத்திராத இடத்தில் ஒருவர் எதற்காக எழ வேண்டும்? எழாத உடலில் தசைகள் விரைவில் தளர்கின்றன. தளர்ந்தவர் விழுவோமோ என அஞ்சி இன்னும் குறைவாக நடக்கிறார். காப்பதற்கென நாம் தந்த ஓய்வே வீழ்ச்சிக்கு வழிகோலுகிறது.

1976-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைவுகூரத் தக்கது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில், எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர் அதனை நடத்தினர். ஒரு தளத்து முதியோருக்கு ஆளுக்கொரு செடி தரப்பட்டது. அதைப் பேணுவதும், தம் அன்றாட விருப்பங்களை முடிவு செய்வதும் அவர்களது பொறுப்பு என உணர்த்தப்பட்டது. மற்றொரு தளத்தினருக்கும் செடி உண்டு. நீரூற்றும் வேலையோ செவிலியருடையது. மூன்றே வாரங்களில் முதல் தளத்தினரிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருக்கக் கண்டனர். சிறிய ஆய்வுதான், ஆயினும் அது சொல்லும் செய்தி சிறிதன்று.

2007-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம், உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என வரையறுக்கிறது. இவற்றையும் மறுக்கும் பிள்ளைகள் இருப்பதால் அச்சட்டம் தேவையே. ஆனால் நான்காம் கட்டளை நம்மிடம் கேட்பது மதிப்பை. ஒருவரது விருப்பத்திற்கும் உழைப்பிற்கும் இடம் விடாமல் அவரை மதிப்பது எங்ஙனம்?

"மறுபடி விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" எனப் பிள்ளைகள் கேட்பர். அந்த அச்சம் நியாயமானதே. முதியோரைத் தனியே தவிக்க விடுவதை யாரும் மதிப்பு என்று கூறார். எனினும் விழக்கூடும் என்பதற்காக நடையையே பறித்துக்கொள்வது அன்பின் பெயரால் இழைக்கப்படும் அநீதியன்றோ? குளியலறையில் வழுக்காத தரை, இரவில் எரியும் சிறு விளக்கு, கைக்கெட்டும் உயரத்தில் அவருடைய பாத்திரங்கள், வீட்டுச் சாவியில் ஒன்று அவர் கையில்: இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

மகனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அடுத்த முறை சென்றபோது பால்கனியில் ஐந்தாறு தொட்டிகள். கறிவேப்பிலையும் வெந்தயக்கீரையும் தழைத்திருந்தன. பறித்த கீரையோடு அந்தத் தாய் கீழ்த்தளம்வரை லிஃப்டில் தாமே இறங்கிச் சென்று வருவதாக மருமகள் கூறினார். தொட்டியருகே ஒருமுறை கால் இடறி விழுந்ததையும் மறைக்கவில்லை. மகன் தொட்டிகளை அகற்றிவிடவில்லை. சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தார்.

நாளைக் காலையில் நம் இல்லத்து முதியவருக்காகக் காத்திருப்பது எது? இன்றிரவே எண்ணிப் பார்ப்போம்.